வீடு நிறைய ஆள் இருக்காங்க, ஆனா எனக்குன்னு யாரும் இல்ல: பிலிப்பைன்ஸ்ல இருந்து ஒரு வாசகி

திருநெல்வேலிப் பக்கத்துப் பொண்ணு ஒருத்தங்க நீளமா ஒரு கடிதம் அனுப்பிருக்காங்க. வயசு 29. சிங்கப்பூர்ல ஷிப்பிங் ஏஜென்சி ஆபீஸ்ல இருந்தப்போ, கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை பாக்குற ஒரு பிலிப்பைன்ஸ்காரரோட பழக்கமாகி, ரெண்டு வீட்டையும் சம்மதிக்க வெச்சுக் கல்யாணம் பண்ணிருக்காங்க. இப்போ ஆறு மாசக் கர்ப்பம். வேலையை விட்டுட்டு பிலிப்பைன்ஸ்ல இலோஇலோ நகரத்துக்குப் பக்கத்துல இருக்கிற மாமியார் வீட்டுக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. கணவர் மறுபடி கப்பல் ஏறிட்டார், ஒன்பது மாச கான்ட்ராக்ட், பிரசவத்துக்கு அவரால வர முடியாது.

ஒரே காம்பவுண்டுக்குள்ள மூணு வீடு. கணவரோட பாட்டி, மாமியார், மாமியாரோட தங்கச்சி, நாத்தனார், அவங்க பிள்ளைங்கன்னு எந்நேரமும் ஆள். "ஆனா ஒருத்தர் கூட என்கிட்ட வந்து உனக்கு என்ன வேணும்னு கேக்கல"ன்னு எழுதிருக்காங்க. சின்ன மாமியார் செக்கப்புக்குக் கூட வர்றேன்னு சொல்லிட்டு வரவே இல்லையாம். பாக்குறவங்க எல்லாம் "குண்டாயிட்ட"ன்னு சிரிக்கிறாங்களாம். பாட்டி இவங்களை "பம்பாய்"னு கூப்பிடறாங்களாம். பன்னிக்கறி வாடை தாங்காம ரூம்ல கதவைச் சாத்திட்டு இண்டக்ஷன் அடுப்புல தனியா ரசம் வெச்சுச் சாப்பிடறாங்க. கணவர் சம்பளம் முழுக்க மாமியார் அக்கவுண்டுக்குப் போகுது, ஸ்கேனுக்குக் கூட அவங்க கையை எதிர்பாக்கணும். குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும்னு வேற பேச்சு ஆரம்பிச்சிருக்கு. "இவங்களுக்கு நான் எப்பவும் வெளியாள்தான், பிரசவத்துக்கு அம்மாகிட்டயே போயிடட்டுமா, இல்ல இவங்க மேல சட்டப்படி ஏதாவது கேக்க முடியுமா"ன்னு கேட்டிருக்காங்க. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்திருக்கேன்.)

இனி உங்ககிட்டயே பேசறேன்மா.

வயித்துல பிள்ளையோட, பாஷை தெரியாத ஊர்ல, கட்டினவரும் கடல்ல இருக்கும்போது வர்ற தனிமை சாதாரணமானது இல்ல. நீங்க பெரிசுபடுத்தறீங்கன்னு யாராவது சொன்னா அதைக் காதுல வாங்காதீங்க. ஆனா உங்க கடிதத்தை மறுபடி மறுபடி படிச்சதுல எனக்குத் தோணினது ஒண்ணு இருக்கு, அந்த வீடு உங்களை ஒதுக்கினதுக்கான அடையாளம் அதுல ரொம்பக் கம்மி. கதவு திறந்துதான் இருக்கு, ஆனா நம்ம ஊர் வழக்கப்படி அவங்க வந்து உங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்கன்னு நீங்க காத்திருக்கீங்க, அவங்க நீங்களா வருவீங்கன்னு இருக்காங்க. பாசத்துல இருக்கிற பிரச்சனை இவ்வளவுதான், இது சரியாகும். காசு, பத்திரம், விசா சம்பந்தப்பட்டதெல்லாம் வேற கதை, அங்க பாசத்தை நம்பி விடாதீங்க, பேப்பர்ல வரணும். இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டதாலதான் மாமியார் மேல இவ்வளவு கோவம் வந்திருக்குன்னு நினைக்கிறேன்.

அந்த வீட்டோட வழக்கம்

நம்ம ஊர்ல மருமக உள்ள வந்த நாள்ல இருந்து அவ புகுந்த வீட்டுப் பொறுப்பு, நல்லதோ கெட்டதோ மாமியார் தலையில. பிலிப்பைன்ஸ்ல அப்படி இல்ல. அங்க அப்பா வழி, அம்மா வழி ரெண்டு சொந்தமும் சமம், பொண்ணு கல்யாணம் ஆனாலும் பிறந்த வீட்டுப் பொண்ணாவே இருப்பா. அதனால உங்க மாமியார் மனசுல "இவளுக்கு அவங்க அம்மா இருக்காங்க, நாம ரொம்பத் தலையிட்டா தப்பா நினைப்பாளோ"ன்னு ஒரு தயக்கம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. நீங்க அதை அக்கறை இல்லாததா படிச்சிருக்கீங்க.

அதுக்குப் பதிலா அங்க சொந்தம்ங்கறது குடுத்து வாங்கறதுல வளருது. ஒரு தட்டு சாப்பாடு போகுது, இன்னொரு நாள் வேற எதுவோ திரும்பி வருது, ஒருத்தர் பிள்ளையை இன்னொருத்தர் பாத்துக்கறாங்க, ஊருக்குப் போயிட்டு வந்தா எல்லாருக்கும் ஏதாவது வாங்கிட்டு வரணும். இந்தச் சுத்துக்குள்ள நீங்க இன்னும் வரல, ஏன்னா நீங்க எதுவும் கேக்கவும் இல்ல, எதுவும் குடுக்கவும் இல்ல, யாருக்கும் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு நல்ல எண்ணத்துல ரூமுக்குள்ளயே இருந்துட்டீங்க.

கதவைச் சாத்திட்டுச் சாப்பிடறதை முதல்ல நிறுத்துங்கம்மா. பன்னிக்கறி சாப்பிடுங்கன்னு சொல்லல, அது உங்க இஷ்டம், யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனா அந்த வீட்டுல தனியா சாப்பிடறதுன்னா "எனக்கு உங்களைப் பிடிக்கல"ன்னு வாயைத் திறந்து சொல்றதுக்குச் சமம். அவங்க தினமும் "காஓன் தா", சாப்பிடலாம் வான்னு கூப்பிடறாங்க, நீங்க சாப்பிட்டாச்சுன்னு சொல்லிட்டு உள்ள போயிடறீங்கன்னு நீங்களே எழுதிருக்கீங்க. உங்க ரசத்தையும் சோத்தையும் எடுத்துட்டுப் போய் அந்தப் பெரிய மேஜையில உக்காருங்க, அது போதும். அப்புறம் அவங்க சமையல்ல நம்ம பொருள் எவ்வளவு இருக்குன்னு பாருங்க. அந்த ஊர் ஸ்பெஷல்ல காத்யோஸ்னு போடறாங்களே அது நம்ம துவரைதான், அதோட பலாக்காயும் பன்னிக்கறியும் சேத்து வேக வெப்பாங்க. கறி போடறதுக்கு முன்னாடி எனக்குன்னு ஒரு கிண்ணம் எடுத்து வெச்சிருங்கன்னு மாமியார்கிட்ட கேளுங்க. லாஸ்வான்னு ஒரு காய்கறிக் குழம்பு வெப்பாங்க, வெண்டைக்காய், பூசணி, கத்திரிக்காய், பசலைக்கீரைன்னு தண்ணியா, எறா போடாம வெச்சா அது உங்களுக்கு அப்படியே இறங்கும். இதைக் கேக்கறது அவங்களுக்குத் தொல்லை இல்லம்மா, சந்தோஷம். மாமியாருக்கு உங்களுக்காகச் செய்ய ஒரு வேலை கிடைக்கும், இவ்வளவு நாளா அவங்களுக்கு அதுதான் கிடைக்கல.

நீங்களும் ஏதாவது சமைங்க, காரம் ரொம்பக் கம்மியா. முதல் தட்டு பாட்டிக்குப் போகட்டும். காலையில அவங்களைப் பாக்கும்போது அவங்க கையை எடுத்து உங்க நெத்தியில வெச்சுக்கோங்க, அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைங்க செய்றதைப் பாத்திருப்பீங்க, நம்ம காலைத் தொட்டுக் கும்பிடறதுக்குச் சமமான மரியாதை அது.

பாட்டி சொல்ற "பம்பாய்" விஷயத்துக்கு வர்றேன். அங்க ரொம்ப காலமா இந்தியாக்காரங்கன்னாலே, முக்கியமா பஞ்சாபிக்காரங்க, மோட்டார் சைக்கிள்ல வந்து வட்டிக்குக் காசு குடுக்கறவங்கன்னுதான் ஊர் ஜனங்களுக்குத் தெரியும், அஞ்சு வாங்கினா ஆறு திருப்பிக் குடுக்கணும்ங்கற கணக்கு. அழுற பிள்ளையை "பம்பாய் வந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்"னு பயமுறுத்தறதும் உண்டு. பாட்டி உங்களை வெறுத்து அப்படிச் சொல்றாங்கன்னு எனக்குத் தோணல, அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே பேர் அதுதான். ஆனா அதுக்காக நீங்க பொறுத்துப் போகணும்னு இல்ல. "லோலா, என் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, இல்லன்னா இந்தைன்னு கூப்பிடுங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க, அங்க வீட்டுப் பொண்ணுங்களைச் செல்லமா அப்படித்தான் கூப்பிடுவாங்க. நாளைக்கு உங்க பிள்ளையை யாராவது அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா அப்போ கண்டிப்பா நிறுத்தச் சொல்லணும், அதுல எந்தத் தயக்கமும் வேணாம். "குண்டாயிட்ட"ங்கறது மட்டும் விடுங்க, அது அங்க நலம் விசாரிக்கிற மாதிரிதான்.

உதவியை எப்படிக் கேக்கணும்

சின்ன மாமியார் வர்றேன்னு சொல்லிட்டு வராததை நீங்க ஏமாத்தினதா எடுத்துக்கிட்டீங்க. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்றது அங்க ரொம்பக் கூச்சமான காரியம், அதனால "ஆமா", "பாக்கலாம்"னு சொல்லிடுவாங்க. நம்ம வீட்டுலயும் இது இல்லாம இல்ல. அடுத்த தடவை "எப்பவாவது கூட வர முடியுமா"ன்னு பொதுவா கேக்காதீங்க. "வியாழக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஹாஸ்பிடல், போக வர ஜீப்னி, டிரைசிக்கிள் காசு நான் குடுக்கறேன், மதியம் வெளியில சாப்பிட்டுட்டு வரலாம்"னு கேளுங்க, முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க. இன்னும் நல்லது, நீங்க நேரா கேக்காம நாத்தனார் மூலமாக் கேளுங்க. அங்க கஷ்டமான பேச்சை நடுவுல ஒருத்தரை வெச்சுப் பேசறதுதான் மரியாதை. உங்க கடிதத்துல நல்ல வார்த்தை வாங்கின ஒரே ஆள் அந்த நாத்தனார்தான், அவங்களை மனாங்னு, அதாவது அக்கான்னு கூப்பிட்டு உங்க மனசுல இருக்கிறதை அவங்ககிட்ட முதல்ல சொல்லுங்க. அழுகை வந்தா அழுதுடுங்க, பரவால்ல.

கோவத்தைக் காட்டற விதமும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. யாராவது திடீர்னு பேச்சைக் குறைச்சுட்டா, அது சண்டை இல்ல, தம்போன்னு சொல்ற மனத்தாங்கல், நீங்க போய்ச் சமாதானப்படுத்தணும்னு எதிர்பாக்கறாங்கன்னு அர்த்தம். போன மாசம் மாமியார் ரெண்டு நாள் பேசலன்னு எழுதினீங்களே, அன்னைக்கு அவங்க வெச்ச தினோலாங்கற கோழிச் சூப்பை நீங்க தொடாம வெச்சீங்கன்னும் அதே பாராவுல இருக்கு. நீங்க தொடாததுக்குக் காரணம் அதுல பப்பாளிக்காய் கிடந்தது. கர்ப்பத்துல பப்பாளிக்காய் வேணாம்ங்கறது நம்ம வீட்டுல சின்ன வயசுல இருந்து கேட்டது, அதை ஒதுக்கறது சரிதான், ஆனா ஏன்னு அவங்களுக்குத் தெரியாது இல்லையா? சொல்லிடுங்க. அதே தினோலாவுல போடற மலுங்காய் நம்ம முருங்கைக்கீரை, பிள்ளை பெத்தவங்களுக்குப் பால் ஊறணும்னு அங்கயும் அதைத்தான் வெச்சுக் குடுப்பாங்க. காத்து படக் கூடாது, சீக்கிரம் தலைக்குக் குளிக்கக் கூடாது, கனமான வேலை பாக்கக் கூடாதுன்னு அவங்ககிட்டயும் ஒரு பத்தியம் இருக்கு. பிரசவத்துக்கு அப்புறம் உங்க அம்மா செய்ற பாதியை உங்க மாமியார் சொல்லாமலே செய்வாங்கன்னு நான் நம்பறேன்.

மாமியார் சம்பளத்தை எடுத்துக்கலம்மா

இதை நீங்க தப்பா புரிஞ்சிருக்கீங்க, அதனால விவரமா சொல்றேன். பிலிப்பைன்ஸ் கப்பல் ஊழியர்களோட ஸ்டாண்டர்ட் கான்ட்ராக்ட்படி அடிப்படைச் சம்பளத்துல குறைஞ்சது 80 சதவீதம் மாசா மாசம் ஊருக்கு அனுப்பியே ஆகணும், அலாட்மென்ட்னு பேர். யாருக்குப் போகணும்னு கையெழுத்து போடறது உங்க கணவர்தான். கல்யாணத்துக்கு முன்னாடி அம்மா பேர் குடுத்திருப்பார், இந்த கான்ட்ராக்ட்லயும் அப்படியே விட்டுட்டார். கேக்க வேண்டியது அவரை.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1988 ஆகஸ்ட்ல இருந்து நடைமுறையில இருக்கிற குடும்பச் சட்டப்படி கணவனும் மனைவியும் ஒருத்தரை ஒருத்தர் ஆதரிக்கணும், சாப்பாடு, வீடு, துணி, வைத்தியம் எல்லாம் அதுல அடக்கம். மாமியாருக்கு மருமகளை ஆதரிக்கணும்னு கடமை எதுவும் அதுல இல்ல, அதனால "அவங்க மேல சட்டப்படி" கேக்க வழி இல்ல. ஆனா அதே சட்டம் பிள்ளைங்க தங்களைப் பெத்தவங்களையும், தேவைப்பட்டா கூடப் பிறந்தவங்களையும் ஆதரிக்கணும்னு சொல்லுது. அதனால அம்மாவுக்குப் போறதை மொத்தமா நிறுத்துங்கன்னு நீங்க கேட்டா சட்டத்துலயும் நிக்காது, அவர் மனசுலயும் நிக்காது. அவர் கப்பல் படிப்புக்காக அவங்க அம்மா நெல்வயலை அடகு வெச்சாங்கன்னு நீங்களே எழுதிருக்கீங்க. இந்த மாதிரி நன்றிக்கடனை உத்தாங் நா லோஓப்னு சொல்லுவாங்க, அதை மறந்தவனை அந்த ஊர் மனுஷனாவே மதிக்காது. அதோட மோதாதீங்க, அதுக்குப் பக்கத்துல உங்களுக்கு ஒரு இடம் கேளுங்க.

அலாட்மென்டை ரெண்டு அக்கவுண்டுக்குப் பிரிக்க முடியுமான்னு அவரைக் கப்பல் வேலைக்கு எடுத்து அனுப்பின மேனிங் ஏஜென்சில கேக்கச் சொல்லுங்க. முடியாதுன்னா உங்க பேருக்கு மாத்தி, அம்மாவுக்கு ஒரு தொகையை மாசம் முதல் தேதியே நீங்க அனுப்பிடலாம். எதுவா இருந்தாலும் இதை அம்மாகிட்ட அவர் வாயால, மாத்தறதுக்கு முன்னாடியே சொல்லணும். "பிரசவச் செலவு வருது, இவ பேர்ல ஒரு கணக்கு வேணும், உங்களுக்கு வர்றது நிக்காது"ன்னு அவர் வீடியோ கால்ல ஒரு தடவை சொன்னா முடிஞ்சிடும். பேங்க்ல இருந்து வர்ற மெசேஜைப் பாத்து மாமியார் தெரிஞ்சுக்கிட்டா அந்தக் காயம் ஆற வருஷக்கணக்கு ஆகும்.

மச்சான் உங்ககிட்ட கடனா வாங்கினதா எழுதின 5,000 பெசோ வராதுன்னே வெச்சுக்கோங்க. இனிமே யார் கேட்டாலும் முடிஞ்ச சின்னத் தொகையைச் சும்மாவே குடுங்க, பெரிய தொகைன்னா "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்"னு நிறுத்திடுங்க.

கடிதத்துல போற போக்குல ஒரு வரி எழுதிருக்கீங்க, உங்க சிங்கப்பூர் சேமிப்பைப் போட்டு மாமியார் நிலத்துல வீடு கட்டறதா பேச்சுன்னு. என்னைக் கேட்டா உங்க கடிதத்துலயே பெரிய ஆபத்து அதுதான். 1987 அரசியல் சட்டப்படி வெளிநாட்டுக்காரங்க அங்க நிலம் வாங்கிச் சொந்தம் கொண்டாட முடியாது, சட்டப்படி வாரிசா வந்தாத்தான் உண்டு. மாமியார் பேர்ல இருக்கிற நிலத்துல நாளைக்கு அவங்க எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு வரும். யாரும் கெட்டவங்களா இருக்கணும்னு அவசியம் இல்ல, சாவு, பாகப்பிரிவினைன்னு ஒண்ணு வந்தாலே உங்க காசு மாட்டிக்கும். நிலம் உங்க கணவர் பேருக்கு மாறி, ஒரு வக்கீல் பாத்து எழுத்துல வர்ற வரைக்கும் ஒரு காசு போடாதீங்க. இது அன்புக்குக் குறைச்சல் இல்ல.

இன்னொண்ணு, இப்போ உங்களுக்குத் தேவைப்படாது, தெரிஞ்சு மட்டும் வெச்சுக்கோங்க. மனைவிக்குத் தர வேண்டிய ஆதரவை வேணும்னே நிறுத்தி வெக்கறதும் அங்க 2004 சட்டப்படி பெண்களுக்கு எதிரான வன்முறைல சேரும். பராங்காய்னு சொல்ற ஊராட்சி ஆபீஸ்லயே அதுக்குன்னு பெண்களுக்கான டெஸ்க் இருக்கும்.

ஞானஸ்நானம்

உங்களுக்கு சர்ச்ல கல்யாணம் நடந்திருந்தா, குழந்தைகளைக் கத்தோலிக்கரா வளக்க என்னால ஆனதைச் செய்வேன்னு உங்க கணவர் வாக்குக் குடுத்திருப்பார், உங்களுக்கும் அதைச் சொல்லிருப்பாங்க. ஞாபகப்படுத்திப் பாருங்க. குழந்தை விஷயத்துல அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் அதிகாரம் உண்டு, ஆனா ஒத்து வரலன்னா கோர்ட் வேற மாதிரி உத்தரவு போடாத வரைக்கும் அப்பா சொல்றதுதான்னு அந்த நாட்டுச் சட்டத்துல இருக்கு. எனக்கு இது நியாயமா படல, ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாது.

அந்தச் சடங்குக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. நினாங், நினோங்னு ஞானத்தாய், ஞானத்தகப்பனா நிக்கறவங்க அந்தப் பிள்ளைக்கு ஆயுசுக்கும் சொந்தம், உங்களுக்கும் சம்பந்தி முறை மாதிரி ஆயிடுவாங்க. அவசரத்துக்கு ஓடி வர்ற ஆட்கள் பாதி அங்க இப்படித்தான் உருவாகறாங்க. அதனால நீங்க சம்மதிச்சா யாரை நினாங்கா வெக்கணும்ங்கறதுல உங்க பேச்சு இருக்கணும்னு கேளுங்க. பேர் சூட்டறது, மொட்டை, காதுகுத்து நம்ம முறைப்படி நடக்கும்ங்கறதையும் இப்பவே சொல்லி வெச்சிருங்க. சம்மதம் இல்லன்னா அதையும் குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடியே கணவர்கிட்ட தெளிவா பேசிடுங்க, சொந்தக்காரங்க எல்லாம் தேதி குறிச்சப்புறம் பேசறது யாருக்கும் நல்லதில்ல.

அம்மாகிட்ட போகலாமா?

போகலாம், தப்பே இல்ல. ஆனா இலோஇலோவுல இருந்து மணிலா, அங்கிருந்து சிங்கப்பூரோ கோலாலம்பூரோ, அப்புறம் சென்னை, அப்புறம் திருநெல்வேலி, இந்த வயித்தோட. 28 வாரத்துக்கு மேல ஏர்லைன்ஸ் டாக்டர் சர்டிஃபிகேட் கேப்பாங்க, 36 வாரத்துக்கு மேல பொதுவா ஏத்த மாட்டாங்க, அதனால போறதுன்னா சீக்கிரமே முடிவெடுக்கணும். குழந்தை எங்க பிறந்தாலும் அப்பா பிலிப்பைன்ஸ்காரர்ங்கறதால பிலிப்பைன்ஸ் குடியுரிமை வந்திடும். இந்தியா இரட்டைக் குடியுரிமை குடுக்கறதில்ல, அதனால எந்த பாஸ்போர்ட்ங்கறதை ரெண்டு பேரும் யோசிச்சு வெக்கணும். கைக்குழந்தையோட பேப்பர் வேலைக்குத் திருநெல்வேலில இருந்து அலையறது லேசு இல்ல.

என் அபிப்ராயம், உங்க அம்மாவை அங்க வரவழைங்க. விசா வேலையை இந்த வாரமே ஆரம்பிங்க, ரெண்டு மூணு மாசம் தங்கற மாதிரி. பொண்ணோட பிரசவத்துக்கு அம்மா வர்றதை அந்த வீட்டுல யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க, மாமியாருக்கே கூட பாரம் குறையும். அம்மாவுக்கு விசா கிடைக்கலன்னாலோ உடம்பு ஒத்துக்கலன்னாலோ ஊருக்குப் போறதை யோசிக்கலாம்.

வீட்டுக்கு வெளியவும் ஆள் சேத்துக்கோங்க. பராங்காய் ஹெல்த் ஸ்டேஷன்ல மிட்வைஃப் இருப்பாங்க, வீடு வீடா வர்ற சுகாதாரப் பணியாளர்களும் அதே தெருப் பொம்பளைங்கதான், அவங்ககிட்ட உங்க பேரைப் பதிஞ்சிடுங்க. இலோஇலோ கப்பல்காரங்க நிறைஞ்ச ஊர், புருஷன் கடல்ல இருக்கும்போது பிள்ளை பெத்தவங்க உங்க தெருவுலயே இருப்பாங்க, நாத்தனாரைக் கேட்டா காட்டுவாங்க. கணவரோட பில்ஹெல்த்ல, அதாவது அரசாங்க மருத்துவக் காப்பீட்டுல உங்களைச் சேத்திருக்கான்னு பாருங்க, இல்லன்னா பிரசவத்துக்கு முன்னாடி சேக்கச் சொல்லுங்க. தினமும் அழுகை, தூக்கமே இல்ல, எதுலயும் பிடிப்பு இல்லன்னு ரெண்டு வாரத்துக்கு மேல போனா பிரசவ டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். ராத்திரில தாங்க முடியலன்னா 1800-1888-1553ங்கற அரசாங்க மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க.

பாஸ்போர்ட், மேரேஜ் சர்டிஃபிகேட், ஏசிஆர் கார்டு (வெளிநாட்டுக்காரங்களுக்கு அங்க குடுக்கற அடையாள அட்டை) மூணும் உங்க கையில, உங்க பையில இருக்கட்டும், பத்திரமா இருக்கும்னு மாமியார் பீரோவுக்குக் கூட வேணாம். வருஷத்தோட முதல் 60 நாளுக்குள்ள இமிக்ரேஷன்ல வருடாந்திர ரிப்போர்ட் குடுக்கணும், கணவர் இல்லன்னு அது தள்ளிப் போகக் கூடாது. குழந்தை பிறந்த 30 நாளுக்குள்ள பிறப்பைப் பதியணும். அங்க குழந்தையோட நடுப்பேர் அம்மாவோட குடும்பப் பேர், உங்களுக்கோ நம்ம எல்லாரையும் மாதிரி இனிஷியல்தான். மேரேஜ் சர்டிஃபிகேட்ல உங்க பேர் எப்படிப் பிரிச்சு எழுதிருக்காங்க, பாஸ்போர்ட்ல எப்படி இருக்குன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. வித்தியாசம் இருந்தா ஆஸ்பத்திரில ஃபாரம் நிரப்பறதுக்கு முன்னாடியே முனிசிபல் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு நாத்தனாரைக் கூட்டிட்டுப் போய்க் கேட்டுட்டு வந்திடுங்க. அலாட்மென்ட் விஷயத்தை உங்க கணவர் அம்மாகிட்ட பேசினதுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க.